வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்

வரும் ஆகஸ்டில் மலேசியாவில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறார்கள். ஒருத்தியின் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். இன்னொருவனின் அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் விற்கிறார். மூன்றாமவளின் வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா எல்லாருமே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். நான் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவள், இப்போது ஈப்போவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அதனால் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். பெற்றோர்களும் வந்து விசாரிக்கிறார்கள்.

எவ்வளவு குளிரும்? அரிசி கிடைக்குமா? பெண் பிள்ளை தனியாக இருக்கலாமா? ஒரு டாலருக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்)? இவை எல்லாமே அவசியமான கேள்விகள், சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். கனமான குளிர்ச்சட்டையை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், அரிசி எந்த ஊரிலும் உண்டு. ஆனால் நான் அங்கே கண்ட ஆசியப் பிள்ளைகளை அதிகமாகக் கஷ்டப்படுத்தியது குளிரும் சாப்பாடும் இல்லை. அது வகுப்பறைக்குள்ளேதான் இருந்தது. அதைப் பற்றி இதுவரை ஒரு பெற்றோர்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டு மாணவி என்றால் எப்படி இருக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது அமெரிக்காவில் இல்லை. பதின்மூன்று வயதில், எங்கள் தோட்டத்திலிருந்து பேருந்து ஏறிப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோதுதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கணிதம், அறிவியல் எல்லாமே எனக்குத் தமிழ். மலாய் ஒரு பாடம், ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான். மலாயில் போதிய தேர்ச்சி இல்லாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளை ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வைத்து, அதற்குப் பிறகே இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்துக்கு அனுப்புவார்கள். நானும் அந்த வழியாகத்தான் போனேன்.

முதலாம் படிவத்தில் ஒரு நாள் என் தோழியை எழுந்து பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவள் எங்கள் லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் எங்களோடு வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, திருக்குறள் மனனம் என்று மாவட்ட அளவுவரை போய்க் கோப்பை வாங்கி வந்தவள். மேடையில் நின்றால் ஒலிபெருக்கியே தேவையில்லாத குரல். அவள் மலாயைத் தமிழ் ஓசையில் வாசித்தாள். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை, அந்த வயதில் எந்த வகுப்பும் சிரிக்கும். ஆனால் அதன் பிறகு ஐந்தாம் படிவம் முடியும்வரை அவள் தானாகக் கையை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் ஆனோம். காலையில் ஒன்றாக எழுந்து 'செலாமாட் பாகி, சிக்கு' (காலை வணக்கம், ஆசிரியரே) என்போம். அந்தக் கூட்டுக் குரலில் யாருடைய உச்சரிப்பும் தனியாகத் தெரியாது. மற்ற நேரமெல்லாம் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்போம். ஆசிரியர்கள் எங்களை நல்ல பிள்ளைகள் என்றார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் நடுமேற்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், புது மாணவர்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். ஆசிய மாணவர்கள் பண்பாட்டினாலேயே அமைதியானவர்கள், அதைப் பேராசிரியர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு என் தோழியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அமைதி பண்பாட்டிலிருந்தா வந்தது? எங்கள் தோட்டத்துக் கோயில் கூட்டத்துக்கு ஒரு நாள் அவரை அழைத்து வந்திருந்தால் நாங்கள் எவ்வளவு அமைதியான மக்கள் என்பது தெரிந்திருக்கும். சிரிப்புக்குப் பயந்து பழகிய மௌனத்தைப் பண்பாடு என்று பெயரிட்டு விட்டுவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். பெயரிட்டுவிட்டால் அதை மாற்றவும் யாரும் முயல மாட்டார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஹீஜங் கிம் என்ற உளவியல் ஆய்வாளர் 2002இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். தர்க்கப் புதிர்களைத் தீர்க்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி மாணவர்களைக் கேட்டார்கள். ஐரோப்பிய வழி அமெரிக்க மாணவர்களுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. கிழக்காசிய வழி மாணவர்கள் பேசிக்கொண்டே செய்தபோது அவர்களுடைய விடைகளின் தரம் குறைந்தது. அதாவது, சிலர் பேசித்தான் யோசிக்கிறார்கள், சிலர் யோசித்து முடித்த பிறகே பேசுகிறார்கள். என் அறைத்தோழி இரண்டாம் வகை. வியட்நாமின் டா நாங்கிலிருந்து வந்தவள். வகுப்பு முடிந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு நடக்கும்போது அவள் சொல்லும் கருத்துகள் வகுப்பில் யாரும் சொல்லாதவையாக இருக்கும். பேராசிரியருக்கு அவை போய்ச் சேரவே இல்லை.

அங்கே வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. இது நம் பெற்றோர்களுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. செமஸ்டரின் முதல் நாளில் பாடத்திட்டத் தாளைக் கொடுப்பார்கள். இறுதித் தேர்வுக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும் இடத்தில் 'பங்கேற்பு' என்றும் ஒரு வரி இருக்கும். நான் எடுத்த சில பாடங்களில் அது பத்து விழுக்காடு, சிலவற்றில் இருபது. எல்லாத் தேர்வையும் நன்றாக எழுதிவிட்டு, வாய் திறக்காததால் ஒரு கிரேடு கீழே இறங்கிய சீன, கொரிய, வியட்நாமிய மாணவர்களை எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பது மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். பாடத்தைப் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று பேராசிரியர் நினைத்தார்.

'எங்க பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லா வருமே, டோஃபலில் நல்ல மார்க்குதானே' என்று லாரி ஓட்டும் அண்ணன் கேட்டார். டோஃபல் என்கிற அந்த ஆங்கிலத் தேர்வில் எனக்கும் நல்ல மதிப்பெண்தான். நான் எழுதிய காலத்தில் பேச்சுத் தேர்வு என்றால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மைக்கின் முன்னால், 45 நொடியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். வகுப்பில் நடப்பது வேறு. ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்குகிறார், நடுவில் ஒரு தொலைக்காட்சித் தொடர், அமெரிக்கக் கால்பந்து, ஊர் அரசியல், சிரிப்பு. ஒரு வாக்கியத்தை மனதில் கட்டி, இலக்கணம் பார்த்து, சரி சொல்லலாம் என்று கையை எடுக்கும்போது பேச்சு எங்கேயோ போயிருக்கும்.

கனடாவைச் சேர்ந்த மொழியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். அன்றாடம் பேசுவதற்கான மொழி ஒன்று, பாடம் கற்பதற்கான மொழி இன்னொன்று. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலாவது சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும், இரண்டாவது ஐந்து முதல் ஏழு ஆண்டு எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் என்பது அவருடைய கணக்கு. நம் தோட்டப்புறப் பிள்ளைகளை இதில் வைத்துப் பாருங்கள். ஒளிச்சேர்க்கையைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று 2003இல் கொண்டுவந்த திட்டம் நடப்பில் இருந்தது. புத்தகம் ஆங்கிலம், ஆசிரியர் விளக்குவது மலாய், எனக்குள் ஓடுவது தமிழ். 2012 முதல் அந்தத் திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். இப்போது போகிற பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் அறிவியலை முழுக்க மலாயில் படித்தவர்கள். கடையில் பேசுகிற ஆங்கிலம் அவர்களுக்குத் தாராளமாக வருகிறது. 'இந்தத் தரவிலிருந்து நீங்கள் அந்த முடிவுக்கு வந்தது எப்படி' என்று கேட்கிற ஆங்கிலம் அவர்கள் வாயில் ஒருநாளும் புழங்கியதில்லை. அதற்குப் பழக்கம்தான் தேவை, புத்திசாலித்தனம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது எங்கள் பள்ளிப் பாடங்களில் ஒன்றான நன்னெறிக் கல்விக்கு வருகிறேன். என் வயதுக்காரர்களுக்கு 36 நெறிகள் என்றாலே தலை சுற்றும். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வுக்கு அப்போது ஒவ்வொரு நெறியின் விளக்கத்தையும் எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டியிருந்தது. 'கெயாக்கினான் வுஜுட்ஞா துஹான் செபாகாய் பென்சிப்தா ஆலாம்' (உலகைப் படைத்தவராக இறைவன் இருக்கிறார் என்ற நம்பிக்கை) என்று மலாயில் தொடங்கும் முதல் நெறியை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்தச் சொற்களில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். அப்படியே எழுதுகிறவளே கெட்டிக்காரி.

என் அறைத்தோழியும் அப்படிப்பட்ட பள்ளி முறையில் வளர்ந்தவள்தான். முதல் செமஸ்டரில் ஒரு சமூகவியல் கட்டுரையில் பாடநூலின் வாக்கியங்களை மேற்கோள் குறி இல்லாமல் அப்படியே சேர்த்திருந்தாள். அறிஞர் எழுதியதை நான் மாற்றி எழுதினால் அது அவருக்கு அவமரியாதை இல்லையா என்று என்னிடம் கேட்டாள். கருத்துத் திருட்டு என்று அவள்மேல் விசாரணை வந்தது. கடிதத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். நானும் அவளோடு போனேன். விசாரித்தவர்களுக்கு அவள் எங்கே தடுமாறினாள் என்பதே விளங்கவில்லை. திருடுகிறவள் பாடநூலிலிருந்தா திருடுவாள், அதுவும் எல்லாரும் வைத்திருக்கிற நூலிலிருந்து? கடைசியில் அந்தக் கட்டுரைக்குச் சுழியம் போட்டு, மேற்கோள் காட்டும் முறை பற்றிய ஒரு கட்டாய வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்த வகுப்பு முழுக்க எங்களைப் போன்ற முகங்களே அதிகம் இருந்தன என்று வந்து சொன்னாள். விதி சரியான விதிதான். மற்றவர் உழைப்பை உரியவர் பெயரோடு சொல்ல வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு ஒரு பழக்கத்துக்குப் பரிசு கொடுத்து வளர்த்த பிள்ளைக்கு, அதே பழக்கம் இங்கே குற்றம் என்பதை முதல் வாரத்திலேயே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். கையேட்டின் நாற்பதாவது பக்கத்தில் அச்சடித்திருந்தால் போதாது.

பேராசிரியரைப் பார்க்கப் போவது அடுத்த தடை. நம் பள்ளியில் ஆசிரியர் அறைக்குப் போகிறோம் என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். என் புள்ளியியல் பேராசிரியர் அப்படி உட்கார்ந்திருந்த மாலைகளில் அமெரிக்க மாணவர்கள் கோப்பையில் காப்பியோடு போய்ச் சாதாரணமாகப் பேசிவிட்டு வருவார்கள். ஆசிய மாணவர்கள் அந்த நடைபாதை வழியாக வேகமாக நடந்து போவோம். ஒரு கொரிய உதவி ஆசிரியர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார்: அவர் உன்னைத் தெரிந்து வைத்திருந்தால்தானே நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத முடியும்? அவரே இன்னொன்றும் சொன்னார். வகுப்பு தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடு, கேள்வியை முன்தினமே எழுதிக்கொண்டு வா, நேரம் ஆக ஆகக் கதவு மூடிக்கொண்டே வரும். என் படிப்பைக் காப்பாற்றியது இந்த அறிவுரைதான். நானும் சீனாவின் செங்டுவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து கேள்விகளை எழுதி, ஒருத்தி முன்னால் ஒருத்தி சொல்லிப் பார்ப்போம். பிறகு அவள் கேட்டதைத் தொட்டு நான் பேசுவேன், நான் கேட்டதைத் தொட்டு அவள் பேசுவாள். முன்னால் பேசியவள் சிநேகிதியாக இருந்தால் பயம் பாதியாகிவிடுகிறது.

யாரோடு சேர்வது என்பதிலும் நம் பிள்ளைகளுக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 11 லட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள். இந்தியா, சீனா இரண்டையும் சேர்த்தால் அதில் பாதிக்கும் மேல். அந்த இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் போய் இறங்கிய அன்றே ஒரு கூட்டம் காத்திருக்கும். நான் மலேசிய மாணவர் சங்கத்துக்குப் போனேன். அன்பானவர்கள், நாசி லெமாக் சமைத்துப் போட்டார்கள், ஆனால் தீபாவளி என்று அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. இந்திய மாணவர் சங்கத்தின் தீபாவளிக்குப் போனேன். மண்டபம் முழுக்க இந்தி, எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அப்புறம் மதுரையிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஓர் அண்ணன் நான் கைப்பேசியில் அம்மாவோடு பேசுவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார். மலேசியாவில் தமிழ்ப்பள்ளி இருக்கிறதா, அதுவும் ஐந்நூற்றுக்கும் மேலா, என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் மனைவி வைத்த ரசத்தின் வாசனையை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் அவர்களும் எங்கள் லயத்து வாழ்க்கையை அறியாதவர்கள், நானும் அவர்கள் பேசும் சாதிக் கதைகளையும் அரசியலையும் அறியாதவள். மூன்று வீட்டிலும் விருந்தாளி. தனிமை என்றால் அதுதான். பல்கலைக்கழகங்களில் மாணவர் கட்டணத்திலேயே மனநல ஆலோசனையும் அடங்கியிருப்பது வழக்கம். அதற்குப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு நேராகவே சொல்லி வைத்திருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு இரண்டு செய்திகள். இரண்டும் சட்டம் சார்ந்தவை, வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதலாவது, 1974இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்படி கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரங்கள் அவருக்கே உரியவை. பிள்ளையின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொதுவாகப் பெற்றோரிடம் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர்த் தகப்பன் ஒருவர், மகன் சரியாகப் பேசுவதில்லை என்று கவலைப்பட்டு, அங்கே பகலாக இருக்கும் என்பதற்காக நள்ளிரவுவரை கண்விழித்துப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு விவரமும் கிடைக்கவில்லை. 'நான்தாம்மா காசு கட்டுறேன், எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க' என்று என்னிடம் வந்து அழுதார். போவதற்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் இளங்கலை மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேரமாகப் படிக்க வேண்டும், வழக்கமாகக் குறைந்தது 12 கிரெடிட் (பாட அலகு). பாடம் புரியவில்லை, தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். 12க்குக் கீழே இறங்கிய உடனே விசா நிலையே ஆபத்தாகிவிடுகிறது. ஆனால் அதே விதிகளில் ஒரு வழியும் இருக்கிறது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சிரமம், வாசிக்க வேண்டிய பாடங்களில் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, இவற்றைக் காரணமாகக் காட்டிக் குறைந்த சுமையில் படிக்க அனுமதி வாங்கலாம். முழுச் சுமையில் பாதியாவது எடுத்தாக வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும், இந்தக் காரணத்துக்காக ஒரு படிப்பு நிலையில் ஒரு முறைதான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடத்தைக் கைவிடுவதற்கு முன்பே, கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கென நியமிக்கப்பட்டிருக்கும் அதிகாரியிடம் போய் அனுமதி வாங்க வேண்டும். அந்த நாட்டுச் சட்டமே இந்தச் சிரமங்கள் வரும் என்று எதிர்பார்த்து இடம் விட்டிருக்கிறது. நம் பிள்ளைகள்தான் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த அறைக்குப் போவதில்லை. மூவரையும் அந்த அதிகாரியின் பெயர், மின்னஞ்சல், அறை எண் மூன்றையும் எழுதி, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் ஐ-20 தாளோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் லாரி அண்ணனின் மகள் இப்போதே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலும் வாங்கிவிட்டாள். 'அக்கா, அவர் என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுன்னு எழுதியிருக்கார், எப்படிக்கா கூப்பிடறது' என்று கேட்டாள். முதல் மின்னஞ்சலில் கையே வராதுதான். அவர் சொன்னபடியே எழுது, அதுதான் அவருக்குக் கொடுக்கும் மரியாதை என்றேன்.

இந்தச் சனிக்கிழமை நான் புள்ளியியலில் ஒரு சிறு பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தப் போகிறேன். முதல் பத்து நிமிடத்துக்குள் மூவரும் ஆளுக்கு ஒரு கேள்வியாவது என்னைக் குறுக்கிட்டுக் கேட்க வேண்டும். இலக்கணம் தப்பாக இருக்கலாம், யாரும் சிரிக்கக் கூடாது. லிந்தாங், குவாலா கங்சார் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிற பிள்ளைகள், அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள், யாராக இருந்தாலும் வாருங்கள். ஆறு மணிக்குக் கோயில் பூசை, அதற்கு முன்னால் நான்கு மணிக்குத் தொடங்கிவிடுவோம். மைலோ இருக்கும்.